தடைக்காலத்தில் நிற்கும் விசைப்படகின் டீசல் டேங்கைக் காப்பது: முழுமையான வழிகாட்டி

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், ஏர்வாடி, தொண்டி என்று ராமநாதபுரம் மாவட்டக் கடலோரம் முழுவதும் அந்நாள்களில் படகுகள் நங்கூரத்தில் நிற்கும். அல்லது கரையேறி, பலகை மாற்றுவதும் வர்ணம் பூசுவதுமாகக் கிடக்கும். வலைக்கும் மரத்துக்கும் வர்ணத்துக்கும் கிடைக்கும் கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூட டீசல் டேங்குக்குக் கிடைப்பதில்லை. அது வெளியே தெரியாத உறுப்பு. மூடியிருக்கும்வரை நல்லபடியாக இருப்பதாகவே நினைத்துக்கொள்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் படகிலும் அப்படித்தான் நினைத்திருந்தோம். புறப்படுவதற்கு முந்தைய நாள், ஜெட்டியில் கட்டியபடியே அரைமணி நேரம் என்ஜினை ஓட்டிப் பார்த்தோம்; ஒரு குறையும் தெரியவில்லை. மறுநாள் வடகடலில் (பாக் விரிகுடாவில்) நான்கைந்து கடல்மைல் போய், அலை சற்றுத் தூக்கத் தொடங்கியதும் என்ஜின் திணறியது. இரண்டு முறை வேகம் ஏறி இறங்கி நின்றுவிட்டது. பக்கத்துப் படகு கயிறு போட்டு இழுத்து வந்து சேர்த்தது. டேங்கைத் திறந்தபோது அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீரும், அதன்மேல் வழுவழுப்பான கரும்பழுப்புச் சவ்வும் இருந்தன. தளத்தைக் கழுவியபோது ஊற்றிய கடல்நீர், டீசல் நிரப்பும் மூடியின் வெடித்துப்போன வாஷர் வழியாகச் சிறிது சிறிதாக இறங்கியிருந்தது. அந்த வாஷரை மாற்ற வேண்டும் என்று தெரிந்தும் தள்ளிப்போட்டவன் நான்தான்.

ஜெட்டியில் ஓடிய என்ஜின் கடலில் ஏன் நின்றது என்பதைப் புரிந்துகொண்டால் இந்த வழிகாட்டியில் பாதி புரிந்துவிடும். டீசல் லிட்டருக்கு ஏறத்தாழ 0.83 கிலோ எடை உடையது. நல்ல தண்ணீர் 1 கிலோ, கடல்நீர் அதைவிடச் சற்று அதிகம். ஆகையால் டேங்குக்குள் வந்த தண்ணீர் எதுவாயினும் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்; துருவும் சேறும் அதனோடு படியும். என்ஜினுக்கு டீசல் இழுக்கும் குழாயின் வாய் பெரும்பாலும் அடித்தகட்டிலிருந்து இரண்டு, மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் வைக்கப்பட்டிருக்கும். அசையாமல் நிற்கும் படகில் அந்த வாய் தெளிந்த டீசலை மட்டுமே உறிஞ்சும். படகு உருளத் தொடங்கியதும் அடியிலுள்ளதெல்லாம் கலங்கி அந்த வாய்க்குள் போகிறது. எனவே கட்டிய படகில் செய்யும் ஓட்டச் சோதனை டேங்கைப் பற்றி எதையும் சொல்லாது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

இரவுக் குளிரில் டேங்கின் காலியிடத்திலுள்ள காற்றிலிருந்து ஈரம் வியர்த்து இறங்குவதுதான் காரணம் என்று பலரும் சொல்வார்கள். அது முழுப் பொய்யும் அன்று. ஆனால் கணக்கிட்டுப் பார்த்தால் அதன் பங்கு சிறியது. ஒரு கனமீட்டர் காற்று 30 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 25 டிகிரிக்கு இறங்கினால் 23 கிராம்தான் தாங்கும். 500 லிட்டர் காலியிடத்தில் ஈரம் நிறைந்த காற்றே இருந்தாலும் ஓர் இரவில் வடியக்கூடியது மூன்றரை கிராம். ஒரு தேக்கரண்டி அளவுகூட இல்லை. பகலில் பத்து டிகிரி சூடேறினால் டேங்கிலுள்ள காற்று விரிவது மூன்று சதவீத அளவே. ஆகவே நாள்தோறும் புதிதாக உள்ளே வரும் ஈரக்காற்றும் கொஞ்சம்தான். அடியில் லிட்டர்கணக்கில் தண்ணீர் நிற்குமானால் அது காற்றிலிருந்து வந்ததன்று. டீசல் நிரப்பும் மூடி, டேங்குக்குள் காற்று போய்வரும் காற்றுக்குழாய், டீசல் வைத்திருக்கும் பேரல் ஆகிய மூன்றில் ஒன்றின் வழியாகத்தான் வந்திருக்கும்.

மூடியின் நிலையை நீங்களே சோதிக்கலாம். அதைக் கழற்றி வாஷரை விரலால் வளைத்துப் பாருங்கள். வெயிலும் உப்பும் பட்டு இறுகிய ரப்பர் மயிர்க்கோடுகளாக வெடித்திருக்கும். மூடி உட்காரும் வளையம் தளத்தின் மட்டத்திலேயே இருந்தால் தளத்தில் தேங்கும் நீர் முழுவதும் அதன்மேல் நிற்கும். நான்கு விரற்கடை உயரக் கழுத்து ஒன்றை வைத்து மூடியைத் தூக்கிவிடுவது நிரந்தரத் தீர்வு. காற்றுக்குழாயின் வாய் கீழ்நோக்கி வளைந்திருக்க வேண்டும். அலை தெறிக்காத உயரத்திலும், தளம் கழுவும் ஹோஸ் நேராகப் படாத இடத்திலும் இருக்க வேண்டும். கச்சான் காற்றுக் காலத்தில் கடற்கரை மணல் இதன் வழியாகவும் போகும் என்பதால் வாயில் நுண்ணிய வலையொன்றைக் கட்டுவது நல்லது. ஆனால் படகு நிற்கிறதே என்று காற்றுக்குழாயைத் துணி வைத்து அடைத்துவிடக் கூடாது. கத்திரி வெயிலில் டேங்க் உப்பும், இரவில் உள்வாங்கும். பழைய தகட்டின் ஒட்டிணைப்புகள் அதில் கசியும்.

பேரலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் அதை யாரும் சந்தேகிப்பதில்லை. 200 லிட்டர் பேரலை நிமிர்த்தி வெட்டவெளியில் வைத்தால் விளிம்புக்கும் மூடிக்கும் இடையே மழைநீர் குளம்போல் தேங்கும். பகலில் சூடேறிய பேரல் மழை பட்டுக் குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, மூடியின் மரைகள் வழியாக அந்தத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மூடி இறுக்கமாக இருந்தும் தண்ணீர் எப்படிப் போனது என்று வியப்போம். பேரலைக் கூரைக்கடியில் வைக்க வேண்டும். இயலாவிட்டால் இரண்டு மூடிகளும் இடமும் வலமுமாக ஒரே மட்டத்தில் வரும்படி படுக்க வைக்க வேண்டும். அப்போது மூடிகளின் உட்புறம் டீசலில் மூழ்கியிருக்கும். மழைநீர் தேங்க இடமும் இராது. பேரலிலிருந்து டேங்குக்கு மாற்றும்போது கடைசி ஐந்து லிட்டரை ஊற்றாமல் தனியே ஒரு கேனில் எடுத்துத் தெளிய விடுங்கள்.

டேங்கில் வந்திருப்பது எந்தத் தண்ணீர் என்பதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. அடியிலிருந்து எடுத்த நீரில் சில துளிகளைக் கண்ணாடித் தகட்டில் இட்டு வெயிலில் காயவிடுங்கள். வெண்மையான உப்புத்தடம் நின்றால் அது கடல்நீர்; மூடியையும் காற்றுக்குழாயையும் பாருங்கள். தடம் இல்லாவிட்டால் பெரும்பாலும் மழைநீர்; முதலில் பேரலைப் பாருங்கள்.

‘பாசி’ என்று நாம் சொல்வது

டேங்கில் பாசி பிடித்துவிட்டது என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். பாசி வளர வெளிச்சம் வேண்டும். இருட்டு டேங்கில் அது வளராது. அங்கே வளர்வது பூஞ்சையும் பாக்டீரியாவும்தான். அவை டீசலைத் தின்று, தண்ணீரில் வாழும். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் கோட்டில்தான் அந்தச் சவ்வு படர்கிறது. இவற்றுக்கு அதிகத் தண்ணீர் தேவையில்லை. நமது மே மாத வெப்பம் மிகவும் பிடிக்கும். கடல்நீரில் சல்ஃபேட் இருப்பதால் நமது கரையில் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. காற்றில்லாத அடிச்சேற்றில் சல்ஃபேட்டை உண்ணும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்கி, இரும்புத் தகட்டைக் குழிகுழியாக அரிக்கும். அடிநீரை எடுக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வந்தால் தகட்டின் அடிப்பாகத்தை உடனே பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

தண்ணீர் கலக்காத சுத்தமான டீசல் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை கெடாமல் இருக்கும். 61 நாள் அதற்கு ஒரு பொருட்டே அன்று. ஆகவே டீசல் பழையதாகிவிட்டது என்று பயந்து, பெயர் தெரியாத புட்டிகளை வாங்கி ஊற்றுவதைவிட, அடியிலுள்ள தண்ணீரை எடுப்பதில் முனைப்புக் காட்டுங்கள்.

முதல் படி: கரையேற்றும் முன் வடித்தல்

வேலை தொடங்க வேண்டிய நாள் ஏப்ரல் 15 அல்ல; கடைசியாகக் கடலுக்குப் போய் வந்த மறுநாள். கடைசி ஓட்டத்தில் கலங்கியதெல்லாம் அடியில் படிய ஒரு முழு நாள் அசையாமல் விடுங்கள். பிறகு வடிகுழாயைத் திறந்து, அகன்ற வாயுள்ள கண்ணாடிப் புட்டியில் ஒரு லிட்டர் பிடியுங்கள்.

படகு மிதக்கும்போதே இதைச் செய்வது மிக முக்கியம். மிதக்கும் படகு பின்புறம் தாழ்ந்து நிற்பதால் வடிகுழாய் பெரும்பாலும் அந்தக் கோடியில்தான் வைக்கப்பட்டிருக்கும். கரையேற்றிக் கட்டைகளின்மேல் நிறுத்தியதும் சாய்மானம் மாறிவிடும். தண்ணீர் வேறு மூலைக்குப் போய்விடும். வடிகுழாயில் தெளிந்த டீசல் வருவதைக் கண்டு நாம் ஏமாந்துபோவோம். வடிகுழாயே இல்லாத பழைய டேங்கானால் கைப்பம்பின் ஹோஸை மேல்துளை வழியாக இறக்கி, தாழ்ந்த மூலை வரை கொண்டுபோய் இழுக்க வேண்டும்.

புட்டியைப் பத்து நிமிடம் வைத்துவிட்டு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நல்ல டீசல் எதிர்ப்பக்கம் தெரியும்படி தெளிவாக இருக்கும். அடியில் குமிழ்போல உருளும் தண்ணீர், இடையில் சவ்வு, டீசலிலேயே மூட்டம் ஆகிய மூன்றையும் தனித்தனியே கவனியுங்கள். தண்ணீர் மட்டும் இருந்தால் தெளிந்த டீசல் வரும்வரை வடித்தால் போதும். மூட்டம் இருந்தால் இன்னும் ஒரு நாள் தெளியவிட்டு மறுபடியும் வடியுங்கள். சவ்வு இருந்தால் டேங்கைத் திறந்தே ஆக வேண்டும். பெட்ரோல் பங்குகளில் அளவுகோலின் நுனியில் தடவிப் பயன்படுத்தும், தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசை ஒரு டப்பா வாங்கி வைத்துக்கொண்டால், டேங்கிலும் பேரலிலும் எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்பதை நிமிடத்தில் அறியலாம்.

வடித்த நீரைக் கடலில் கொட்டுவது பற்றி ஒரு சொல். தென்கடல் பக்கம் 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அமைந்தது. நாம் பிடிக்கும் மீனின் குஞ்சுகள் வளர்வதும் அந்தப் பவளப்பாறைகளையும் கடற்புல்லையும் ஒட்டித்தான். கேனில் சேர்த்து, பழைய என்ஜின் ஆயிலை எடுத்துச் செல்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாம் படி: தேவைப்பட்டால் டேங்கைத் துடைத்தல்

டீசல் முழுவதையும் கைப்பம்பால் சுத்தமான பேரல்களுக்கு மாற்றி இரண்டு நாள் தெளிய விடுங்கள். மேலேயுள்ள தெளிந்த பகுதியைத் திரும்பப் பயன்படுத்தலாம். பழைய வேட்டியில் வடிகட்டும் வழக்கம் தூசியைத்தான் நிறுத்தும், தண்ணீரை நிறுத்தாது. பிறகு கைத்துளை மூடியைத் திறந்து, நூல் பிரியாத துணியைக் கம்பில் சுற்றி, சிறிது சுத்தமான டீசலில் நனைத்து, அடித்தகட்டையும் மூலைகளையும் துடைத்தெடுக்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் வேஸ்ட் துணி இதற்கு ஆகாது. அதன் நூல்களே பிறகு ஃபில்டரை அடைக்கும். சோப்புத் தண்ணீர், ஃபினாயில், பிளீச்சிங் பவுடர் எதுவும் உள்ளே போகக் கூடாது.

டேங்குக்குள் ஆள் இறங்குவதும், தலையை நுழைத்துப் பார்ப்பதும் கூடவே கூடாது. சேறு கிடந்த டேங்கில் மூச்சுக்கான காற்றுக்குப் பதில் நச்சுவாயு இருக்கலாம். காலி டேங்கில் வெல்டிங் வைப்பது அதைவிட ஆபத்தானது. டீசல் நிறைந்த டேங்கைவிட, டீசல் காலியாகி ஆவி நிறைந்த டேங்கே வெடிக்கக்கூடியது. ஓட்டை அடைக்க வேண்டுமானால் டேங்கைப் படகிலிருந்து கழற்றி, ஆவியை முழுவதும் போக்கத் தெரிந்த பட்டறையில் கொடுங்கள். தடைக்காலத்தில் பட்டறைகளில் கூட்டம் அதிகம் என்பது உண்மைதான். அதற்காக என்ஜின் அறையிலேயே ஒட்டவைக்கச் சொல்லாதீர்கள்.

கிருமிக்கொல்லி மருந்தைப் பலர் முதல் வேலையாக ஊற்றுகிறார்கள். துடைக்காத டேங்கில் ஊற்றினால் செத்த சவ்வு முழுவதும் ஒரே நேரத்தில் உரிந்து ஃபில்டருக்கு வரும். துடைத்து முடித்த பிறகு, புட்டியில் எழுதியுள்ள அளவில், கையுறை போட்டுக்கொண்டு ஊற்ற வேண்டும். அளவு கூடினால் பலன் கூடாது. ஸ்பிரிட் ஊற்றினால் தண்ணீர் கரைந்துவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. தண்ணீர் எங்கும் போய்விடுவதில்லை. டீசலோடு சேர்ந்து பம்பு, டீசலை என்ஜினுக்குள் பீய்ச்சும் நாசில் ஆகியவற்றின் வழியாகவே போகும், நுண்ணிய இடைவெளிகளை அரிக்கும்.

புது டேங்க் செய்வதாக இருந்தால் துத்தநாகப் பூச்சுள்ள தகடும் செம்புக் குழாயும் வேண்டாம். துத்தநாகம் டீசலோடு வினைபுரிந்து பிசுபிசுப்பை உண்டாக்கும். செம்பு டீசலைச் சீக்கிரம் கெடுக்கும். எவர்சில்வர் செலவு அதிகம், ஆனால் உப்புக்காற்றில் நின்று உழைக்கும். எந்தத் தகடானாலும் அடித்தளம் ஒரு மூலையை நோக்கிச் சாய்ந்து அங்கே ஒரு சிறு குழி இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: நிரப்புவதா, காலியாக விடுவதா

நிரப்பி வைப்பதே என் தேர்வு. அதன் உண்மையான பயன், வியர்வையைத் தடுப்பதைவிட, டீசல் படாத மேல்தகட்டை உப்புக்காற்றில் துருப்பிடிக்காமல் காப்பதில் இருக்கிறது. அந்தத் துருவே செதில்செதிலாக உதிர்ந்து அடிக்கு வருகிறது. ஆனால் கழுத்துவரை நிரப்பக் கூடாது. 1,000 லிட்டர் டீசல் பத்து டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 8 லிட்டர் விரியும். இருபதில் ஒரு பங்கு இடம் விடுங்கள். தடைக்காலத்துக்கு முன் அவ்வளவு பணத்தை முடக்க எல்லோராலும் முடியாது. ஆளில்லாத படகில் டீசல் திருட்டுப் பயமும் உண்டு. அப்படியானால் முடிந்தவரை காலி செய்து, அடியைத் துடைத்து, உள்தகட்டில் டீசல் ஈரம் இருக்கும்படி விட்டுவிட்டு, திரும்பும்போது இன்னொரு முறை துடைக்கும் வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். அரை டேங்கோடு விட்டுவிட்டு எதுவும் செய்யாமல் போவதுதான் மோசமான வழி. எப்படி விட்டாலும் என்ஜினுக்குப் போகும் வால்வை மூடி, டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டரின் கிண்ணத்தில் தேங்கியதை வடித்துவிடுங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று பெயர் தெரியாத ‘பயோ டீசல்’ எதையும் இந்த நாள்களுக்கு நிரப்பாதீர்கள். அது டீசலைவிட அதிகம் ஈரம் இழுக்கும், பழைய படிவுகளையும் கிளப்பிவிடும்.

நான்காம் படி: இடைப்பட்ட நாள்களில்

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பசை தடவிய அளவுகோலை இறக்கிப் பார்த்தால் போதும். கோடைமழை பெய்த மறுநாளும், தளம் கழுவிய மறுநாளும் கட்டாயம் பாருங்கள். மீன்வளத் துறையினர் தடைக்காலத்தில் படகுகளை ஆய்வு செய்யும் நாளுக்காகத் தேய்த்துக் கழுவுகிற வழக்கம் உண்டு. அன்று மூடிமேல் ஒரு பிளாஸ்டிக் தாளைக் கட்டிவிடுங்கள். வர்ணம் சுரண்டும் ஆட்களிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். திறந்து கிடக்கும் கைத்துளை வழியாக மரத்தூளும் வர்ணச் செதிலும் போன கதைகள் ஒவ்வொரு ஜெட்டியிலும் உண்டு.

நாட்டுப்படகுகளுக்கு இந்தத் தடை இல்லையென்றாலும் புயல் நாள்களில் அவையும் வாரக்கணக்கில் நிற்கின்றன. பெட்ரோலில் ஓடும் அவுட்போர்டு என்ஜினுக்கு மட்டும் விதி நேர்மாறானது. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அது காற்றின் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீருமாகப் பிரிந்து அடியில் நிற்கும். அதை நிரப்பி வைக்காமல் வடித்துவிட்டு, கார்புரேட்டர் காயும்வரை என்ஜினை ஓட்டி நிறுத்துங்கள். மழைக்காலம் முழுவதும் ஷெட்டில் நிற்கும் டீசல் வேனுக்கும் விடுதி ஜெனரேட்டருக்கும் விசைப்படகுக்குச் சொன்னதே பொருந்தும்.

ஐந்தாம் படி: கடலுக்குத் திரும்பும் முன்

ஜூன் இரண்டாம் வாரத்தில், படகு மிதக்கத் தொடங்கி ஒரு நாள் ஆன பிறகு, முதல் படியில் செய்ததுபோலவே மறுபடி வடித்துப் பாருங்கள். ஃபில்டர்களை மாற்ற வேண்டியது இப்போதுதான்; ஏப்ரலில் மாற்றினால் புது ஃபில்டர் இரண்டு மாதம் வீணே ஊறிக் கிடக்கும். இரண்டாம்நிலை ஃபில்டரை (டீசல் பம்புக்கு முன் கடைசியாக உள்ளதை) மாட்டும்போது கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்புகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். வடிகட்டாத அந்த டீசல், ஃபில்டரின் சுத்தமான பக்கத்துக்குப் போய் நேரே டீசல் பம்பை அடையும். வெறும் ஃபில்டரை மாட்டி, டீசலைக் கையால் ஏற்றும் கைப்பிரைமரை அடித்தே நிரப்புங்கள்.

குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும்போது, அதாவது ஏர் எடுக்கும்போது, டேங்கிலிருந்து என்ஜினை நோக்கி வரிசையாகப் போக வேண்டும். முதலில் ஃபில்டரின் தலையிலுள்ள திருகைத் தளர்த்திக் குமிழ் நிற்கும்வரை அடியுங்கள். பிறகு டீசல் பம்பின் திருகு. அப்போதும் என்ஜின் பிடிக்காவிட்டால் மட்டும் நாசில் குழாய்களின் நட்டு. குமிழ் நிற்கவே இல்லையென்றால் அடிப்பதை நிறுத்திவிட்டு, எங்கோ ஒரு வாஷர் காற்றை இழுக்கிறது என்று தேடத் தொடங்குங்கள்.

கட்டிய படகின் ஓட்டச் சோதனை போதாது என்று முன்பே சொன்னேன். அதற்கு மாற்றாக, டேங்கின் அடியிலிருந்து கைப்பம்பால் ஐம்பது லிட்டர் வரை வேகமாக இழுத்து, டேங்கிலேயே திரும்ப ஊற்றி அடியைக் கலக்கிவிட்டு, உடனே என்ஜினை அரை வேகத்துக்குமேல் அரைமணி நேரம் ஓட்டுங்கள். பிறகு செப்பரேட்டர் கிண்ணத்தைப் பாருங்கள். அதில் தண்ணீரோ கரும்புள்ளிகளோ தெரிந்தால், கடலில் தெரியவேண்டியது கரையிலேயே தெரிந்துவிட்டது. மறுபடியும் தெளியவிட்டு வடியுங்கள்.

முதல் பயணத்தில் முதல்நிலை ஃபில்டர் இரண்டு, இரண்டாம்நிலை ஃபில்டர் ஒன்று, அவற்றின் வாஷர்கள், பொருத்தமான ஸ்பானர் ஆகியவை படகில் இருக்கட்டும். வேகம் தானாக ஏறி இறங்கினாலும், இழுவை குறைந்து வெள்ளைப்புகை வந்தாலும் என்ஜினை வற்புறுத்தாமல் நிறுத்தி, முதலில் கிண்ணத்தை வடியுங்கள். மூன்றாவது பயணம் முடிந்ததும் முதல்நிலை ஃபில்டரைக் கழற்றி அறுத்து, உள்ளேயுள்ள தாளை விரித்துப் பாருங்கள்: செம்பழுப்புத் தூள் என்றால் தகடு துருப்பிடிக்கிறது; கறுத்த வழுவழுப்பு என்றால் சவ்வு இன்னும் இருக்கிறது; தாள் சுருங்கி நெளிந்திருந்தால் தண்ணீர் இப்போதும் எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது, மூடியைத் திரும்பப் போய்ப் பாருங்கள்.